ஒரே கோட், நாலு நாடு: ஃபேஷன் இதழ் ஷூட்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்

நூல்கண்டு:

ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன், பெண்கள் உடைதான் பெரும்பாலும். கொஞ்ச காலமாகப் பழைய ஃபேஷன் இதழ்களைக் கிடைத்த இடத்தில் எல்லாம் வாங்கிச் சேர்க்கிறேன். அமெரிக்க வோக், வோக் இத்தாலியா, ஜப்பானின் நொன்-நோ, நம் ஊர் வோக் இந்தியா, எல் இந்தியா. போன ஞாயிறு கடையை மூடிய பிறகு வெட்டு மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைத்து ஒரே ஒரு பொருளைத் தேடினேன்: ஒரு கோட். ஒவ்வொரு நாடும் அதை எப்படிப் படம் பிடிக்கிறது என்று பார்க்கலாமே என்றுதான்.

ஜப்பான் இதழில் கோட் தலை முதல் ஷூ வரை முழுசாகத் தெரிகிறது. எத்தனை பொத்தான், தோள் எங்கே விழுகிறது, கீழ் ஓரம் முழங்காலுக்கு மேலா கீழா, எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லலாம். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் விலை, கடை. மொழி தெரியாவிட்டாலும் யென் குறி புரிகிறது. இத்தாலி இதழில் கோட் பத்துப் பக்கத்துக்கு வருகிறது, ஆனால் ஒரு பக்கத்தில் அந்தப் பெண் தரையில் சுருண்டு கிடக்கிறாள், இன்னொன்றில் பாதி இருட்டு, மற்றொன்றில் கை மட்டும். அந்தக் கோட்டின் கையைத் தோளோடு எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்தும் சொல்ல முடியவில்லை. அமெரிக்க வோக்கில் துணி தெரிகிறது, அதற்கு முன்னால் முகம் தெரிகிறது, அது ஒரு நடிகையின் முகம். வோக் இந்தியாவில் கோட்டுக்குப் பின்னால் ஒரு அரண்மனை இருக்கிறது.

எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், கடைக்கு வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் உடை அந்தப் பெண்ணுக்குத் தைத்ததே இல்லை. ஷூட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு சாம்பிள் அளவு. மாடலுக்கு அது தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள், முன்னால் பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இது எனக்குத் தெரியவே இருபது வருடம் ஆயிற்று. அதுவரை என் வெட்டில்தான் குறை என்று நினைத்து எத்தனை ராத்திரி பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறேன்.

எந்த நாட்டு இதழ் துணியை நேர்மையாகக் காட்டுகிறது, எதைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்கிறது, சொல்லுங்கள்.

சாம்பல் அட்டை:

அண்ணா, நான் சென்னையில் ஃபேஷன் போட்டோகிராஃபர், முதலில் ஏழு வருடம் உதவியாளராக இருந்தேன். கிளிப் விஷயம் முழுக்க உண்மை, என் பையில் எப்போதும் இரண்டு டஜன் கிடக்கும். ஆனால் இத்தாலியை நீங்கள் தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

வோக் இத்தாலியாவை 1988 முதல் 2016ல் இறக்கும் வரை நடத்தியவர் ஃப்ராங்கா சொஸ்ஸானி. இத்தாலிய மொழி இத்தாலிக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது, அதனால் படமே பேச வேண்டும் என்று முடிவு எடுத்தார். அட்டைப் படங்களை ஏறத்தாழ முழுக்க ஸ்டீவன் மைசெல் என்ற ஒரே ஆளிடம் கொடுத்தார், இருபது வருடத்துக்கும் மேலாக. எந்த நாட்டு இதழ் ஒரு போட்டோகிராஃபரை அப்படி நம்பியது? 2005 ஜூலையில் மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டாவை முகமெல்லாம் கட்டுப் போட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டு விலை உயர்ந்த உடையில் திரியும் பெண்ணாக எடுத்தார்கள். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது, ஆகஸ்ட் இதழில் மாடல் கிறிஸ்டன் மெக்மெனமி கரும் எண்ணெய் பூசி, இறகு உடையோடு பாறையில் செத்துக்கொண்டிருக்கும் பறவை போலக் கிடந்தார். பலருக்குக் கோபம் வந்தது. சாவை வைத்து இறகு உடை விற்கிறார்கள் என்றார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஒரு உடை படத்தில் என்னென்ன வேலை செய்ய முடியும் என்பதே மாறிப் போனது.

2008 ஜூலை இதழில் மாடல்கள் முழுக்கக் கறுப்பினப் பெண்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைகளில் தீர்ந்து போய் மறுபடி அச்சடித்தார்கள். கறுப்பு முகம் அட்டையில் வந்தால் இதழ் விற்காது என்று சொல்லிக்கொண்டிருந்த தொழில் இது. அதற்கான பதில் இத்தாலியிலிருந்து வந்தது. இதையெல்லாம் பொத்தான் எண்ணிப் பார்த்து அளக்க முடியாது அண்ணா.

அமெரிக்க வோக் பற்றி ஒன்று, உங்களுக்குப் பிடிக்கும். அன்னா வின்டூர் அதன் ஆசிரியராக வந்து போட்ட முதல் அட்டை, 1988 நவம்பர். பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்தது. மிக்கேலா பெர்குக் என்ற பெண், மேலே பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் லக்ருவாவின் கல் பதித்த ஜாக்கெட், கீழே வெளுத்த சாதாரண ஜீன்ஸ், கண் பாதி மூடியிருக்கிறது. அச்சகத்தார் போன் செய்து இது தவறுதலாக வந்துவிட்டதா என்று கேட்டார்களாம். அந்த ஜாக்கெட்டுக்கு ஒரு பாவாடை உண்டு. அது அந்தப் பெண்ணுக்குச் சேரவில்லை, அதனால்தான் ஜீன்ஸ். ஒரு அளவுப் பிரச்சினையிலிருந்துதான் அந்த அட்டை பிறந்தது.

நகோயாவாசி:

ஜப்பானில் எட்டு வருடமாக இருக்கிறேன், இங்குள்ள இதழ்களை வாங்குவது என் ஒரே ஊதாரித்தனம், அதனால் நானும் வருகிறேன்.

நூல்கண்டு அண்ணா பார்த்தது தற்செயல் இல்லை. இங்கே கிமவாஷி என்று ஒரு வகைப் பக்கம் உண்டு, மாற்றி மாற்றி உடுத்துவது என்று பொருள். பதினைந்து இருபது உருப்படி மட்டும், மேல்சட்டை, பாவாடை, கோட், பை, ஷூ, அவற்றை வைத்து ஒரு மாதம் முழுக்க உடுத்திக் காட்டுவார்கள். நாள் ஒன்று, நாள் இரண்டு என்று நம்பர் போட்டு. சும்மா இல்லை, அதற்கு ஒரு கதையும் இருக்கும்: அந்தப் பெண் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், பன்னிரண்டாம் நாள் மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறாள், பதினெட்டாம் நாள் மழை. படத்தின் நோக்கம் நீ நாளைக் காலையில் இதை உடுத்த வேண்டும் என்பதுதான், அதனால் கால் வெட்டுப்படாமல் எடுக்கிறார்கள். சோஎன் என்று 1936ல் தொடங்கிய இதழ் இருக்கிறது, புன்கா தையல் கல்லூரியோடு சேர்ந்தது, அதில் உடையின் வரைபட அளவே வரும். அண்ணாவுக்கு அது ஒன்று கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் ஜப்பான் படங்கள் வெறும் கடை அட்டவணை என்று நினைத்துவிட வேண்டாம். 1970ல் ஆன்ஆன், 1971ல் நொன்-நோ. இரண்டும் பெண்களைத் தனியாக ஊர் சுற்றும்படி படம் எடுத்தன. கியோத்தோவின் சந்தில் ஒரு பெண் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துவிட்டு இதழைக் கையில் வைத்துக்கொண்டு கியோத்தோ, குராஷிகி, த்சுவானோ என்று பழைய ஊர்களுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். அவர்களுக்கு அன்னோன்-ஸோகு என்றே பெயர் வந்தது, இரண்டு இதழ் பெயரையும் ஒட்டி. துணிப் படம் ஒரு தலைமுறைப் பெண்களை வீட்டை விட்டு ரயிலேற்றியிருக்கிறது.

அப்புறம் ஃப்ரூட்ஸ் என்ற தெரு ஃபேஷன் இதழ், 2017ல் நின்றுவிட்டது. 1997ல் ஷோஇச்சி அவோக்கி தொடங்கினார், டோக்கியோவின் ஹராஜுகு தெருவில் நடக்கும் பிள்ளைகளை நிறுத்தி முழு உருவம் எடுப்பார். மாடல் இல்லை, ஸ்டைலிஸ்ட் இல்லை, அந்தப் பிள்ளைதான் எல்லாம். பக்கத்தில் வயது, என்ன செய்கிறாள், சட்டை எங்கே வாங்கியது, எதைத் தானே தைத்தது என்று வரும். எனக்குப் பிடித்த ஷூட் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

குறையும் சொல்ல வேண்டும். இங்குள்ள பெரிய இதழ்களில் எல்லோரும் ஒரே உயரம், ஒரே வெளுப்பு. என் நிறத்தில் ஒரு முகத்தை எட்டு வருடத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

பழைய பேப்பர்:

நகோயா அம்மா சொன்ன சோஎன் மாதிரி இன்னொன்று உண்டு, அது இப்போது இல்லாத ஒரு நாட்டின் இதழ். கிழக்கு ஜெர்மனியின் சிபில்லே. 1956ல் தொடங்கி 1995 வரை வந்தது, தொடங்கிய சிபில்லே கெர்ஸ்ட்னர் பெயரையே வைத்தார்கள். வருடத்துக்கு ஆறு இதழ், ஒவ்வொன்றும் சுமார் 2,00,000 பிரதி, வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

அதில் என்ன விசேஷம் என்றால், படத்தில் இருக்கும் உடை பல சமயம் கடையில் கிடையாது. மாதிரிக்கென்று தைத்தவை. பார்க்கிற பெண்ணுக்குத் தெரியும் இதை வாங்க முடியாது என்று, அதனால் இதழோடு வந்த வெட்டு அளவைப் பார்த்து கிடைத்த துணியில் தானே தைத்துக்கொள்வாள். படம் எடுத்தவர்கள் ஆர்னோ ஃபிஷர், சிபில்லே பெர்கெமான், ரோகர் மெலிஸ், ஊட்டே மாலர் போன்றவர்கள், எல்லோரும் தெருவை எடுத்துப் பழகியவர்கள். பூச்சு உதிர்ந்த சுவர், தொழிற்சாலை வாசல், ஈரமான கல் பாவிய தெரு, அதன் முன்னால் ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சிரிக்க மாட்டாள். அரண்மனை தேடி அலைய அவர்களிடம் பணமும் இல்லை, எல்லை தாண்ட அனுமதியும் இல்லை, ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருக்கிற கண்ணியத்தை நான் பாரிஸ் இதழ்களில் அதிகம் கண்டதில்லை.

இதே மாதிரி ஒன்று லண்டனில் போர்க்காலத்தில். 1941ல் செசில் பீட்டன் பிரிட்டிஷ் வோக்குக்கு எடுத்தது. குண்டு விழுந்து இடிந்த மிடில் டெம்பிள் கட்டடம், நமக்கு முதுகு காட்டி ஒரு பெண் நன்றாகத் தைத்த சூட்டில் நின்று அந்த இடிபாட்டைப் பார்க்கிறாள். நூல்கண்டு தம்பி, அந்தப் படத்தில் முதுகுதான் தெரிகிறது. கிளிப் போட வழியில்லை.

நூல்கண்டு:

ஐயா, அந்த முதுகுப் படத்தை இப்போதே தேடிப் பார்த்தேன். தோள் தையல் எவ்வளவு சுத்தம்!

சிபில்லே பற்றிப் படித்ததும் எனக்கு நம் ஊர் பிளவுஸ் டிசைன் புத்தகம் ஞாபகம் வந்தது. நூல், பொத்தான் விற்கும் கடையிலேயே தொங்கும், வழவழத் தாள், ஒவ்வொரு பக்கத்திலும் கழுத்து வடிவம், முதுகு வடிவம், முகம் கிடையாது. யார் எடுத்த படம், யார் தைத்தது, எதுவும் போட மாட்டார்கள். கடைக்கு வரும் அக்கா விரலை வைத்து இது என்பார், நானும் வெட்டிவிடுவேன். அதையும் ஃபேஷன் ஷூட் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நான் தைத்ததில் பாதிக்கு மேல் அந்தப் பக்கங்களிலிருந்து வந்ததுதான்.

சாம்பல் அட்டை தம்பி, இத்தாலி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இப்போது எல்லா இதழ்களிலும் படத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன். ஜப்பானில் விலை. சிபில்லேவில் வெட்டு அளவு. ஃப்ரூட்ஸில் அந்தப் பிள்ளையின் வயது. இத்தாலியில் உடை செய்த நிறுவனத்தின் பெயர், போட்டோகிராஃபர் பெயர். படம் யாருக்காக எடுத்தது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது என்று தோன்றுகிறது.

ஆரணித் தறி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். சின்ன எழுத்து என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2008 ஆகஸ்ட் வோக் இந்தியா. கிராமத்து ஏழை மக்களை நிறுத்தி வைத்து எடுத்த ஷூட். பல் போன ஒரு பாட்டி குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார், குழந்தையின் கழுத்தில் ஃபெண்டியின் எச்சில் துணி, சுமார் 100 டாலர். ஒரு பெரியவர் பர்பெரி குடை பிடித்து நிற்கிறார், 200 டாலர். ஒரு குடும்பம் ஒரே பைக்கில், அந்தப் பெண்ணின் கையில் ஹெர்மேஸ் பிர்கின் பை, 10,000 டாலருக்கு மேல். உலகம் முழுக்கப் பேச்சானது, வறுமையை அலங்காரமாக்கிவிட்டார்கள் என்று. இதழின் ஆசிரியர் ஃபேஷன் பணக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, யார் போட்டாலும் அழகுதான் என்கிற மாதிரி பதில் சொன்னார்.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. சின்ன எழுத்தில் கைப்பைக்குப் பெயர் இருக்கிறது, குடைக்குப் பெயர் இருக்கிறது, எச்சில் துணிக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பாட்டிக்குப் பெயர் இல்லை. அவர் கட்டியிருந்த புடவைக்கும் ஒரு வரி இல்லை, அதையும் யாரோ நெய்திருப்பார்கள்.

இது இந்தியா மட்டும் செய்ததும் இல்லை. 1956ல் போட்டோகிராஃபர் நார்மன் பார்க்கின்சன் பிரிட்டிஷ் வோக்குக்காக இந்தியா வந்தார். ஜெய்ப்பூரில் இளஞ்சிவப்பு கோட் போட்ட மாடல் ஆன் கன்னிங், பக்கத்தில் அலங்கரித்த யானை. அழகான படம்தான், வண்ணம் கண்ணைப் பறிக்கும். 1966ல் அமெரிக்க வோக் போட்டோகிராஃபர் ரிச்சர்ட் அவெடானையும் மாடல் வெருஷ்காவையும் ஜப்பானின் பனிக்கு அனுப்பியது, ஃபர் கோட்டுகளோடு, வாரக்கணக்கில். யானை, பனிமலை, கோட்டை, கிராமம், கிழவி, எல்லாம் பின்னணி. போகிற நாட்டில் யாராவது வேலை செய்கிறார்களா, என்ன உடுத்துகிறார்கள், அதற்கு என்ன பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. அது வெள்ளைக்காரர் பார்வை என்று சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தால், 2008ல் நம் இதழே நம் ஊரை அப்படித்தான் பார்த்தது. அடுத்த பத்து வருடத்தில், 2017 மே மாதம், பத்தாம் ஆண்டு அட்டைக்கு அமெரிக்க மாடல் கெண்டல் ஜென்னரைக் கொண்டுவந்தார்கள்.

சாம்பல் அட்டை:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு நாள் கழித்து இப்போதுதான் எனக்குப் பதில் எழுத முடிகிறது.

உதவியாளராக இருந்தபோது ஒரு இதழுக்காகத் தெற்கே ஒரு ஊருக்குப் போனோம். உப்பளம். மாடல் ஒருத்தி, பின்னால் வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர்களை நான்தான் கையைப் பிடித்து இங்கே நில்லுங்கள், அங்கே நில்லுங்கள் என்று நிறுத்தினேன். அவர்களில் ஒருவர் படம் எதில் வரும் என்று கேட்டார். சொன்னேன். எனக்கு ஒன்று அனுப்புவாயா என்றார், சரி என்றேன். பெயர், விலாசம் எழுதி வாங்கவில்லை. இதழ் வந்தபோது எட்டுப் பக்கம், தலைமுடி செய்தவர் வரை எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயரும் கடைசியில் இருந்தது. அந்த ஆறு பேர் யாரென்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த அம்மா இன்னும் எதிர்பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன், ஆனாலும் உறுத்துகிறது.

இன்னொன்று, நகோயா அக்கா நிறம் பற்றிச் சொன்னார்கள், அதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். கேமராவும் ஃபிலிமும் ஆரம்பத்திலிருந்தே வெளுத்த தோலுக்காக அளவு வைத்தவை. கோடக் நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் வெள்ளைக்காரப் பெண் படம்தான் இருக்கும், ஷெர்லி அட்டை என்பார்கள். கறுப்பான முகம் விவரமே இல்லாமல் இருண்டு போகும். பிறகு ஃபிலிமைச் சரி செய்யக் கிளம்பியதற்குக் காரணமாக அமைந்தது, சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது. என் தோலுக்காக இல்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நான் கறுப்பான மாடலை எடுக்கும்போது முன்னாலிருந்து லைட்டை அடிப்பதில்லை. ஒளியை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸை பக்கவாட்டில், கிட்டத்தில் வைப்பேன். கறுப்புத் தோலின் அழகு அதில் பிரதிபலிக்கும் ஒளியில்தான் இருக்கிறது, பவுடர் போட்டு அதை மழுங்கடிக்கக் கூடாது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் சட்டைக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளி அளவு) வைக்காமல் முகத்துக்கு வைத்துவிட்டு, சட்டை மேல் விழும் லைட்டைக் கறுப்புத் துணியால் வெட்டுவேன். இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுக்கிறார்கள். 2010 டிசம்பர் எல் இந்தியா அட்டையில் ஐஸ்வர்யா ராயையே வெளுத்துவிட்டார்கள் என்று சர்ச்சை எழுந்தது, ஏற்கெனவே சிவப்பான ஐஸ்வர்யா ராய்க்கே அந்தக் கதி.

நகோயாவாசி:

தம்பி, மறுபக்கமும் இருக்கிறதே. 2022 பிப்ரவரி பிரிட்டிஷ் வோக், ஒன்பது ஆப்பிரிக்க மாடல்கள் அட்டையில். ஆசிரியர் எட்வர்ட் எனின்ஃபுல் கானாவில் பிறந்தவர், எடுத்தவர் பிரேசிலின் ரஃபேல் பவரோட்டி. கொண்டாட்டமாக வந்த அட்டை, ஆனால் ஆப்பிரிக்கர்கள் பலரே கேட்டார்கள், ஏன் ஒன்பது பேரையும் ஒரே கரி நிறத்துக்குக் கொண்டுபோனீர்கள், அவர்கள் தோல் வேறு வேறு அல்லவா என்று. பவரோட்டி எப்போதும் அப்படித்தான் எடுப்பார், அது அவர் பாணி என்பது பதில். எனக்கு அந்த அட்டை பிடித்தது, கேள்வியும் நியாயமாகப் பட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சாம்பல் அட்டை:

கேள்வி நியாயம். வெளுப்பதும் கறுப்பதும் ஒரே சுட்டெலியில் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. ஒன்பது பேரை நிறுத்தினால் ஒன்பது நிறம் வர வேண்டும். நான் பார்த்ததில் மனதுக்கு நெருக்கமானது 2018 செப்டம்பர் அமெரிக்க வோக். பாடகி பியான்சேயை டைலர் மிட்செல் எடுத்தார், அவருக்கு அப்போது 23 வயது. 126 வருட வோக்கில் அட்டைப் படம் எடுத்த முதல் கறுப்பினப் போட்டோகிராஃபர். வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டு, பகல் வெளிச்சம், தோலைப் பாருங்கள், அதற்கென்று நேரம் எடுத்திருக்கிறார்.

பழைய பேப்பர்:

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, ஒரு வரி. பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல் மாடலின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றினால் விளம்பரப் படத்தில் திருத்தப்பட்ட படம் என்று போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வே 2022 ஜூலையில் கொண்டுவந்தது. இரண்டும் விளம்பரத்துக்குத்தான், இதழே எடுக்கும் ஷூட் பக்கங்களுக்கு இல்லை. அந்த ஓட்டை பெரிய ஓட்டை.

ஆரணித் தறி அம்மாவுக்கு ஒன்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும். 1958ல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் சென்னைக்கு வந்து, கிருஷ்ணன் நாயரிடம், பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்தான், கைத்தறிக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியை 10,000 கெஜம் வாங்கினார், கெஜம் ஒரு டாலர். நம் இயற்கைச் சாயம், துவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்கச் சொல்லியே கொடுத்தார்கள். அங்கே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் அதைச் சொல்லாமல் விற்றார்கள், சட்டைச் சாயம் எல்லாவற்றிலும் ஏறி ஒரே புகார். வழக்கு வரை போகும் நிலையில் செவன்டீன் என்ற இளம்பெண்கள் இதழ் அந்தத் துணிக்குப் பல பக்கம் ஒதுக்கியது, சாயம் ஒவ்வொரு சலவைக்கும் ஒன்றில் ஒன்று கலந்து புது நிறம் காட்டும் கைத்தறி அதிசயம் என்று. அதோடு அமெரிக்கா முழுக்க அதே துணியைக் கேட்டு வாங்கினார்கள். சாயம் போகாவிட்டால்தான் போலி என்றாகிவிட்டது.

ஆரணித் தறி:

ஐயா, தெரியும். எங்கள் பக்கம் பட்டு, மெட்ராஸ் கட்டம் பருத்தி, ஆனாலும் தறிக்காரர் வீடுகளில் அந்தக் கதை உண்டு. இதழ் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். ஊர்ப் பெயர் துணியின் பெயராகவே நின்றுவிட்டது. நெய்தவர் பெயர் அப்போதும் வரவில்லை.

நூல்கண்டு:

இரண்டு நாளாகத் தேடி ஒரு சின்ன எழுத்தைக் கண்டுபிடித்தேன், உங்களிடம் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. மறுபடி இத்தாலிதான், தம்பிக்கு சந்தோஷமாக இருக்கும். 2020 ஜனவரி வோக் இத்தாலியா. அந்த இதழில் ஃபேஷன் ஷூட்டே இல்லை. அட்டையும் உள்பக்கமும் ஓவியர்கள் வரைந்தது. ஆசிரியர் எமானுவேலே ஃபார்னெட்டி காரணம் எழுதினார்: அதற்கு முந்தைய செப்டம்பர் இதழுக்கு எட்டு ஷூட், அதற்கு 150 பேர், சுமார் 20 விமானப் பயணம், ஒரு டஜன் ரயில் பயணம், 40 கார், 60 சர்வதேச பார்சல், குறைந்தது பத்து மணி நேரம் அணையாமல் எரிந்த விளக்கு, அதில் ஒரு பகுதி ஜெனரேட்டரில், மிஞ்சிய சாப்பாடு, துணி சுற்றி வந்த பிளாஸ்டிக். மிச்சம் பிடித்த பணத்தை வெனிஸில் வெள்ளத்தில் நனைந்த குவெரினி ஸ்டம்பாலியா நூலகத்துக்குக் கொடுத்தார்கள்.

எந்த நாட்டு இதழும் தன் படத்துக்கு என்ன செலவானது என்று இப்படி எண்ணிச் சொன்னதை நான் பார்த்ததில்லை. தரையில் சுருண்டு கிடந்த கோட்டுக்காக இத்தாலி மேல் எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது.

சாம்பல் அட்டை:

அண்ணா, சந்தோஷம்தான். கூடவே ஒரு செய்தி. அடுத்த மாதம் எனக்கு ஆரணியில் ஒரு ஷூட் வந்திருக்கிறது, பட்டுப் புடவை, பன்னிரண்டு பக்கம், ஒரு இணைய இதழுக்கு. ஆசிரியரிடம் பேசிவிட்டேன், ஒவ்வொரு புடவைக்கும் பக்கத்தில் நெய்தவர் பெயரைப் போட ஒப்புக்கொண்டார். மாடலின் பெயர் எந்த அளவில் வருமோ அதே அளவில். ஆரணி அக்கா, எதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், இந்த முறை தப்பு செய்யக் கூடாது.

ஆரணித் தறி:

தம்பி, முதலில் தறியைப் பின்னணியாக வைத்து மாடலை நிறுத்தாதீர்கள். தறி ஓடும்போது நெய்பவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார், அவருடைய கண் மட்டத்தில் கேமராவை வையுங்கள். நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்தால் எல்லாப் படமும் அந்த 2008 படம் மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து ஒரு பக்கமாகத்தான் வரும், நீங்கள் சொன்ன பக்கவாட்டு லைட்டுக்கு அது சரியாக இருக்கும்.

எழுத வேண்டியது: நெய்தவர் பெயர், எத்தனை நாள் ஆயிற்று, சொந்தத் தறியா கூலித் தறியா. இதோடு நின்றுவிடாதீர்கள், எல்லோரும் இங்கேதான் நிறுத்துவார்கள். பட்டுநூலை இழைத்தவர் யார், ஊடு நூலைத் தார் சுற்றியவர் யார், நீளவாட்டுப் பாவு நூலைப் பிணைத்தவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தான் இருப்பார்கள், கேட்டால் நான் சும்மா கூட உட்கார்ந்தேன் என்று சொல்வார்கள். அதை நம்பிவிட்டு வந்துவிடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். இனிஷியலையும் கேட்டு வாங்குங்கள், ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

இதழ் இணையத்தில் வருவதால் அவர்களுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுங்கள். தேதி சொல்லுங்கள், நானும் வருகிறேன். அம்மா நாற்பது வருடம் தார் சுற்றியவர், அவர் பெயரை நானே எழுதித் தருகிறேன், பிழை இல்லாமல் வர வேண்டும்.